மூன்று கை மாப்பிள்ளை

1

எனக்குக் கல்யாணம் ஆகி இரண்டு வருடம் ஆகிறது என்ற செய்தி, லைப்சிக் நகரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது என்னை வந்து சேர்ந்தது. சொன்னவன் என் தம்பி பிரபு. கருமத்தம்பட்டியிலிருந்து அழைத்திருந்தான். அவனுக்குப் பின்னால் எங்கள் வீட்டு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசியே வளர்ந்த குடும்பம் எங்களுடையது. ரகசியம் பேச எங்களுக்கு வராது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

“அக்கா, வி.ஏ.ஓ. சர்டிபிகேட் தரமாட்டேங்கறாரு.”

“ஏன்டா?”

“நீ கல்யாணம் ஆனவளாம்.”

“யாரு சொன்னா?”

“ஊரே சொல்லுது.”

வாயில் நுரையோடு கண்ணாடியைப் பார்த்தேன். கல்யாணம் ஆன களை ஒன்றும் தெரியவில்லை.

“மாப்பிள்ளை யாருன்னு சொன்னாங்களா?”

தறிதான் பேசியது. பிறகு, “ஒரு போட்டோ தாட்டி உடறேன், நீயே பாத்துக்க. கோவப்படாத,” என்று வைத்துவிட்டான்.

படம் வந்தது. நானே எடுக்கச் சொல்லி, நானே குடும்பக் குழுவில் போட்ட படம்தான். இந்த வீட்டுக்குக் குடிவந்த நாள். மாடிப்படித் திருப்பத்தில் கீழ்வீட்டு மார்க்குஸ், எங்கள் துணி அலமாரியை இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடித்து, முகம் சிவந்து நிற்கிறார். பக்கத்தில் நான் ஒரு இழுப்பறையை மார்போடு அணைத்தபடி சிரிக்கிறேன். அசல் படத்தில் எனக்குப் பின்னால் லேனா இருந்தாள். இதில் இல்லை. வெட்டி எடுத்திருந்தார்கள். ஆனால் வெட்டியவர்களுக்கு அவள் கையை வெட்ட முடியவில்லை. அது என் தோளின் மேல் அப்படியே இருந்தது. மணிக்கட்டில் அவள் பச்சை குத்தியிருக்கும் சின்ன மீன்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

ஆக, என் கணவருக்கு மூன்று கைகள். இரண்டு அலமாரிக்கு, ஒன்று எனக்கு.

2

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

நான் கோயம்புத்தூரில் இயந்திரவியல் படித்தவள். இங்கே பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை. பம்புக்குப் பேர்போன ஊரிலிருந்து பம்பைச் சோதிக்க இவ்வளவு தூரம் வந்தாயா என்று பிரபு இன்றைக்கும் கிண்டல் செய்வான். லேனா ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். நாங்கள் இருவரும் சேர்ந்து வாழ்கிறோம். தோழிகளாக அல்ல, இணையராக. இந்த ஊர்ச் சட்டம் எங்கள் திருமணத்தைப் பதிவுசெய்யும். ஆகவே பதிவு அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றோம்.

அங்கிருந்த அதிகாரி அம்மாள் தங்கமானவர். நாங்கள் இரண்டு பெண்கள் என்பதைப் பார்த்து அவர் புருவம்கூட அசையவில்லை. ஆனால் நான் இந்தியக் குடிமகள் என்றதும் எழுந்து போய் ஒரு தடித்த கோப்பை எடுத்துவந்தார். பிறப்புச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பின் மேல் முத்திரை, எல்லாவற்றுக்கும் மேலாக என் சொந்த ஊர் அரசாங்கம் தரும் திருமணமாகாதவர் சான்றிதழ். நான் பதற்றத்தில் அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஜெர்மன் ‘ஆமாம்’ போட்டு அதன் வாலில் நம் ‘ங்க’வையும் ஒட்டிக்கொண்டிருந்தேன். லேனா என் முழங்காலைத் தட்டினாள்.

மாதக் கடைசி வரை கல்யாணத் தேதியைப் பிடித்துவைப்பதாகவும், அதற்குள் அந்தத் தாள் வராவிட்டால் தேதி வேறு ஜோடிக்குப் போய்விடும் என்றும் அதிகாரி சொன்னார். அடுத்தது எப்போது கிடைக்கும் என்று அவருக்கே தெரியாது. லேனாவின் அப்பாவுக்கு உடம்பு தேறுவதும் சரிவதுமாக இருக்கிறது. அவர் நாற்காலியில் உட்காரக்கூடிய நிலையில் இருக்கும்போதே இது நடக்கவேண்டும் என்பது அவள் கேட்ட ஒரே விஷயம்.

சான்றிதழ் சுலபம் என்றுதான் நினைத்தேன். பிரபு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தான். கிராம நிர்வாக அலுவலர் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார், பிறகு தாசில்தார் கையெழுத்து. விசாரிக்க அவர் போன முதல் வீடு எங்கள் பக்கத்து வீட்டுச் சரசக்காவுடையது.

“நித்யாவுக்குங்களா? அவளுக்கு ஆகி ரெண்டு வருசமாச்சுங்களே. மாப்ள ஜெர்மனிக்காரருங்க. இருங்க, போட்டோவே இருக்குது,” என்று சரசக்கா தன் போனைத் திறந்து காட்டியிருக்கிறார். வி.ஏ.ஓ.வுக்கு மோர் வேறு கொடுத்திருக்கிறார்.

3

அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா பேர் சாந்தாமணி. அப்பா போனபிறகு தறிக்குடோனையும் வீட்டையும் ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு வந்தவர். எதையும் சுற்றிவளைத்துப் பேசமாட்டார். அன்றைக்கும் பேசவில்லை.

“ஆமா கண்ணு. சொல்லிப்போட்டேன். பிரபுவுக்குப் பொண்ணு பாக்கறப்ப காயத்ரி ஊட்டுல கேட்டாங்க. மூத்தவ இருக்கறப்ப இளையவனுக்கு என்ன அவசரம், புள்ளைக்கு எதாச்சும் கொறையான்னு. நான் என்னன்னு சொல்லட்டும்?”

“அதுக்கு எனக்குப் புருசனை உண்டாக்கிடுவீங்களா?”

“உண்டாக்கல. நீ போட்ட போட்டோவுல இருந்தாப்ல.”

“அவரு கீழ்வீட்டுக்காரரும்மா. அவருக்குப் பொண்டாட்டி இருக்கு, ரெண்டு பசங்க இருக்காங்க. அலமாரி தூக்க வந்தாரு.”

“தூக்கறாப்லயல்ல. அதப் பாத்துத்தான் எல்லாரும் நல்ல மாப்ளைன்னாங்க.”

“அம்மா, அந்தப் படத்துல அவருக்கு மூணு கை இருக்கு.”

“யாரு எண்ணுனா?” என்றார் அம்மா.

உண்மைதானே. யார் எண்ணினார்கள்?

மெல்ல மெல்லத்தான் மற்றதெல்லாம் வெளியே வந்தது. இரண்டு வருடத்தில் மார்க்குஸ் கருமத்தம்பட்டியில் ஒரு முழு மனிதராக வளர்ந்திருந்தார். சனிக்கிழமை கவுச்சி சாப்பிடமாட்டார். குடிப்பதில்லை. மாமியார் என்றால் மரியாதை. விமானம் என்றால் மட்டும் பயம், அதனால்தான் பிரபு கல்யாணத்துக்கு வரமுடியவில்லை. குழந்தை இன்னும் இல்லை என்பதற்காகச் சரசக்கா மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டி, வைத்தும் முடித்துவிட்டார்.

இதைக் கீழ்வீட்டில் போய்ச் சொன்னபோது மார்க்குஸ் தன் மனைவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: “அங்கே நான் நல்லவனா?”

“ரொம்ப.”

“அப்படியானால் அவனை அங்கேயே இருக்கவிடு,” என்றார் அவர் மனைவி.

4

லேனா சிரிக்கவில்லை. வெட்டப்பட்ட படத்தை நெடுநேரம் பார்த்தாள். பெரிதாக்கித் தன் கையைப் பார்த்தாள். “உன் அம்மாவுக்கு நான் இருக்கிறேன் என்று தெரியுமா?” என்று கேட்டாள்.

தெரியும். அதுதான் எனக்கு இடி. அம்மாவுக்குத் தெரியாமல் இருந்து இப்படிச் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இந்த வீட்டுக்கு வந்த அதே மாதம் நான் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். நாள் கணக்காக ஒத்திகை பார்த்த வாக்கியங்கள். பால்புதுமையர் என்ற சொல்லை அம்மா கேள்விப்பட்டிருக்கமாட்டார் என்பதால் அதை விட்டுவிட்டு, “அம்மா, எனக்கு ஆம்பளைங்க மேல அப்படி மனசு போறதில்ல. சின்னதுல இருந்தே இல்ல. லேனாகூடத்தான் இருக்கப்போறேன், கடைசி வரைக்கும்,” என்று சொன்னேன். மறுமுனையில் தறி ஓடியது. ஒரு தறி நின்றது. பிறகு அம்மா சொன்னார்: “செரி கண்ணு, குழாய்ல தண்ணி வந்திருச்சு, வெக்கறேன்.”

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் எப்போதாவதுதான் வரும், வந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடத்தான் வேண்டும். ஆகவே நான் அதை நம்பினேன். அடுத்த அழைப்பில் பேசுவார் என்று காத்திருந்தேன். அடுத்ததில் நூல் விலை பேசினார். அதற்கடுத்ததில் பிரபுவின் ஜாதகம். நான் சொன்னதை அவர் மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அதன் மேல் ஒரு கணவனை உட்காரவைத்துவிட்டார், அவ்வளவுதான்.

பிரபு கல்யாணத்தில் இணைச்சீர் செய்யவேண்டியவள் நான். எங்கள் கொங்குக் கல்யாணங்களில் மணப்பெண் மேடைக்கு வருவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவளைப் பக்கத்தில் நிறுத்தி, அவளுக்குப் புடவை கொடுத்துச் செய்யும் சீர் அது. வருகிறவள் வரட்டும், உன் உரிமை போகாது, உன் வயிற்றுப் பிள்ளைக்கு என் பிள்ளையைத் தருவேன் என்று தம்பி கொடுக்கும் வாக்கு. அப்போது என் வசிப்பிட அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன், நாட்டைவிட்டு வெளியே போகமுடியாத நேரம். பெரியப்பா மகள் நின்றாள். வீடியோவில் பார்த்தபடி நான் இங்கே அழுதேன். அம்மா அன்றைக்கு என்னிடம், “நீ வராததும் ஒருவகைக்கு நல்லதாப் போச்சு கண்ணு,” என்றார். சமாதானம் சொல்கிறார் என்று நினைத்தேன். கூட்டம் முழுக்க என் கணவரை விசாரித்துக்கொண்டிருந்தது என்பது இப்போதுதான் விளங்குகிறது.

5

வியாழக்கிழமைகளில் நாங்கள் சிலர் கூடிப் புத்தகம் படிக்கிறோம். நான் ஆர்வக்கோளாறு, எதையும் முன்வரிசையில் உட்கார்ந்து படிக்கிற ரகம். ஆணும் பெண்ணும் சேர்வதுதான் இயல்பு, மற்றதெல்லாம் காரணம் சொல்லவேண்டியவை என்று ஒரு சமூகம் சொல்லாமலேயே ஒத்துக்கொண்டிருப்பதை அங்கே எதிர்பால் நியமம் என்போம். அதைப் பற்றி அடிக்கோடு போட்டு, வண்ணப் பென்சிலால் குறித்து, இருபது நிமிடம் பேசிக் கைதட்டு வாங்கியவள் நான். அத்தனையும் படித்த எனக்கு அது எப்படி வேலை செய்யும் என்று இந்த மூன்றாவது கையைப் பார்க்கும் வரை தெரிந்திருக்கவில்லை.

பாருங்கள். ஒரு ஆண் எனக்குக் கணவன் என்று ஊரை நம்பவைக்க அம்மாவுக்கு ஒரு வாக்கியமும் ஒரு கத்தரித்த படமும் போதுமானதாக இருந்தன. தாலி எங்கே, தேதி எப்போது, யார் நடத்திவைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. அந்த இடம் ஏற்கெனவே காலியாக, அவனுக்காகவே, என் பக்கத்தில் விடப்பட்டிருந்தது. யாரைக் கொண்டுவந்து வைத்தாலும் பொருந்தும். அலமாரி தூக்க வந்தவர் பொருந்துவார். அவருக்கு மூன்று கைகள் இருந்தாலும் பொருந்துவார். ஆனால் இரண்டே கைகளோடு, எனக்குக் காய்ச்சல் வந்தால் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டு, உண்மையாகவே இருக்கிற ஒருத்திக்கு அந்த இடத்தில் நிற்க இரண்டு நாட்டு முத்திரைகள் வேண்டும். அப்படியும் ஒரு நாட்டில்தான் செல்லும். நம் நாட்டுச் சட்டம் எங்கள் திருமணத்தை ஏற்காது. கோயம்புத்தூர் மாவட்டத்தைப் பொறுத்தவரை லேனாவோடு நான் கிழவியாகும் வரை வாழ்ந்தாலும் திருமணமாகாதவள்தான். எத்தனை முறை கேட்டாலும் தாசில்தார் அந்தச் சான்றிதழைத் தாராளமாகத் தரலாம், சட்டப்படி அது சரியாகவே இருக்கும். இப்போது மட்டும் தரமாட்டோம் என்கிறார்கள், ஏனென்றால் இல்லாத ஒருவர் எனக்கு இருக்கிறார்.

இதையெல்லாம் மூச்சு விடாமல் லேனாவிடம் சொன்னேன். “கட்டுரை நன்றாக இருக்கிறது,” என்றாள். “அப்பாவிடம் என்ன சொல்வது?”

அன்றைக்கு எனக்கு விஜியின் ஞாபகம் வந்தது. கல்லூரியில் என்னோடு படித்தவள். அவள் அப்பா அம்மா வால்பாறையில் எஸ்டேட் தொழிலாளர்கள், வரிசைவீட்டில் குடியிருப்பு. ஒரு விடுமுறைக்கு அவளோடு பஸ் ஏறி வளைவு வளைவாக மலைக்குப் போனேன். ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும் அவள் என் மேல் சாய்ந்தாள், வளைவு முடிந்த பிறகும் நிமிரவில்லை. எங்களுக்குள் நடந்ததெல்லாம் அவ்வளவுதான், ஆனால் இருவருக்கும் புரிந்திருந்தது. கடைசி வருடம் முடியும் முன்பே அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் வழியனுப்பப் போனபோது அவளிடம், எங்காவது போய்விடலாம், வெளிநாட்டில் படிக்கலாம் என்று நான்பாட்டுக்குப் பேசினேன். விஜி சிரித்தாள்.

“உங்கப்பா தறி போட்டிருக்காரு, நீ பேசுவ. எங்களுது எஸ்டேட் குடுத்த ஊடு, அப்பாம்மாவுக்கு அப்பறம் நான் வேலைக்குப் போகலைன்னா அடுத்த மாசம் அந்த ஊடே இல்ல. போடி.”

நிலமும் தறியும் சாதியின் மதிப்பும் இருக்கும் வீட்டில் பிறந்ததால்தான் எனக்கு ஓடிவர ஒரு வழி இருந்தது. எங்கள் இருவருக்கும் ஒரே மனசு, வழி மட்டும் ஒன்றல்ல. என் அம்மா எனக்கு ஒரு பொய்க் கணவனை உண்டாக்கினார். விஜிக்கு நிஜமானவனையே கொண்டுவந்துவிட்டார்கள்.

6

மாதக் கடைசி நெருங்கியது. அம்மா ஒவ்வொரு நாளும் ஒரு யோசனையோடு அழைத்தார்.

“உட்டுட்டுப் போயிட்டான்னு சொல்லிப்போடட்டுமா?”

“அப்ப விவாகரத்துப் பேப்பர் கேப்பாங்கம்மா.”

மறுநாள்: “செத்துப்போயிட்டாப்லன்னு சொல்லிப்போட்டா?”

கீழே மார்க்குஸ் தன் பையனுக்குச் சைக்கிள் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தது ஜன்னலில் தெரிந்தது. அம்மாவே தொடர்ந்தார்.

“வேண்டாம். அப்பறம் உன்னையத் தாலியறுத்தவன்னு சொல்லுவாளுங்க. நான் இருக்கறப்ப அந்தப் பேரு உனக்கு எதுக்கு.”

“அந்த ஆளே இல்லையேம்மா.”

“அவனில்ல. பேரு இருக்குமல்ல.”

என் அம்மா எந்தப் புத்தகமும் படித்ததில்லை, ஆனால் தான் பயப்படுவது எதற்கு என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எனக்கு அது கோபத்தைத்தான் கூட்டியது. “உங்களுக்கு ஊர் பேசாம இருந்தாப் போதும். லேனா செத்தாலும் நான் செத்தாலும் போட்டோவை வெட்டி ஒட்டிக்கிட்டு இருப்பீங்க,” என்று கத்திவிட்டேன்.

“பிரபு,” என்று அம்மா அந்தப் பக்கம் கூப்பிடுவது கேட்டது. “தறிய நிறுத்து.”

எல்லாத் தறிகளும் ஒவ்வொன்றாக நின்றன. என் அம்மாவின் குரலைச் சத்தமில்லாத பின்னணியில் நான் அதிகம் கேட்டதில்லை. இவ்வளவு சின்னக் குரலா என்றிருந்தது.

“நித்யா, நெசத்தச் சொன்னா காயத்ரி ஊட்டுல என்ன ஆகும்னு உனக்குத் தெரியும். பொய் சொல்லிப் பொண்ணு எடுத்தாங்கன்னு ஆகும். அந்தப் புள்ள வாயும் வயிறுமா இருக்குது. அதையும் பாக்கோணும். உன்னையும் பாக்கோணும். நான் ரெண்டு பக்கம் எப்படிப் போவேன் சொல்லு.”

எனக்கும் தெரியவில்லை. காயத்ரி எனக்கு ஒரு கெடுதலும் செய்யாதவள். அவள் கர்ப்பம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

7

நடந்ததை எனக்குச் சொன்னவள் காயத்ரிதான். அம்மா சொல்லவில்லை.

“அண்ணி, அத்தை நேத்து காலைல எங்கிட்ட வந்து உக்காந்தாங்க. உங்கம்மாகிட்ட நான் ஒரு பொய் சொல்லித்தான் உன்னையக் கட்டிக் கூட்டிக்கிட்டு வந்தேன், இன்னைக்கு அதப் போய் ஒடைக்கப்போறேன், நீ என்ன சொல்றன்னாங்க. எனக்கு ஒண்ணும் ஓடலைங்க. பொய்ன்னா, மாப்ளை கெட்டவருங்களான்னு கேட்டேன். மாப்ளையே இல்லைன்னாங்க.”

“அப்பறம்?”

“அழுகை வந்திருச்சு. ரெண்டு வருசமா நான்கூட எல்லார்த்துகிட்டயும் ஜெர்மனி அண்ணன்னு பெருமை பேசிக்கிட்டு இருந்தனுங்களே. அப்பறம் வண்டிய எடுத்தேன். இந்த வெயில்ல அவங்க நடந்து போகவா முடியும்.”

வி.ஏ.ஓ. அலுவலகத்தில் ஆள் நிறைய. பட்டாவுக்கு வந்தவர்கள், சாதிச் சான்றிதழுக்கு வந்தவர்கள், எல்லாரும் தெரிந்த முகங்கள். சாட்சிக்காகச் சரசக்காவையும் வரச்சொல்லியிருந்தார்கள்.

“ஏனுங்கம்மா, பக்கத்தூட்டுல ஆயிருச்சுங்கறாங்க, நீங்க ஆகலைங்கறீங்க. எதுங்க நெசம்?” என்று கேட்டிருக்கிறார் வி.ஏ.ஓ.

“ஆகலைங்க. நாந்தான் பொய் சொல்லிப்போட்டேனுங்க.”

“எதுக்குங்க?”

“கேட்டுக் கேட்டுக் கொன்னாங்களுங்க.”

அறையில் இருந்தவர்களில் பாதிப் பேராவது கேட்டவர்கள் என்பதால் யாரும் வாயைத் திறக்கவில்லையாம். சரசக்காதான் முதலில் பேசியிருக்கிறார்: “அடி சாந்தா, நான் பொங்கலே வெச்சனே.”

“இப்ப எதுக்குங்க சர்டிபிகேட்?” என்று வி.ஏ.ஓ. கேட்டார்.

“கல்யாணம் பண்ணிக்கத்தானுங்க.”

“மாப்ளை?”

“அத அந்த ஊர் ஆபீசுல கேட்டுக்குவாங்க. ஆகலைன்னு எழுதறதுதானுங்க உங்களுக்கு வேலை.”

எழுதினார். சரசக்கா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலமே அவிநாசியிலிருந்து காயத்ரியின் அம்மா வந்திருக்கிறார். வாசலில் நின்றே பேசியிருக்கிறார். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தார். அவர் அதைத் தொடவில்லை. எங்கள் பக்கத்தில் சம்பந்தி வீட்டில் வைத்த காப்பியைத் தொடாமல் போவதைவிடப் பெரிய பேச்சு வேறு கிடையாது. “இன்னும் என்னென்ன மறைச்சு வெச்சிருக்கீங்களோ,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். பிரசவத்துக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் இனி வருவார் என்கிறாள் காயத்ரி.

தாசில்தார் கையெழுத்தோடு சான்றிதழ் வந்து சேர்ந்தபோது, அதிகாரி கொடுத்த கெடுவுக்கு மிச்சம் ஒரு வாரம்கூட இல்லை. பதிவு அலுவலக அதிகாரி அதை வெளிச்சத்தில் பிடித்து முத்திரையைப் பார்த்தார். “உங்கள் நாட்டில் இதெல்லாம் சுலபமாகக் கிடைத்துவிடும் போலிருக்கிறதே,” என்றார். நான் வாலோடு ஒரு ‘ஆமாம்’ சொல்லிவைத்தேன்.

8

கல்யாணம் முடிந்தது. லேனாவின் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மார்க்குஸ் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அம்மா அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை. பிரபு மட்டும் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினான், நெடுநேரம் கழித்து இன்னொன்றும் அனுப்பினான்.

அதன் பிறகுதான் நான் எதிர்பாராத ஒன்று ஆரம்பித்தது. எனக்கு மாப்பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள்.

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். அரசாங்கமே எழுதிக் கொடுத்துவிட்டது, சாந்தாமணி மகளுக்கு ஆகவில்லை என்று. வெளிநாட்டுச் சம்பளம் வேறு. ஊர் சும்மா இருக்குமா? பிரபுவின் போனுக்கு ஜாதகங்களாக வந்து கொட்டின. மோட்டார் கம்பெனி வைத்திருப்பவர், கோழிப்பண்ணைக்காரர், கனடாவில் இருக்கும் இரண்டாம் தாரம். கையில் மோதிரத்தோடு உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். காலியான இடத்தை ஒரு மாதம்கூட அப்படியே விட அவர்களுக்கு மனசில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா அழைத்தார். ஞாயிறு தறிக்கு விடுமுறை, அதனால் சத்தமில்லை. முகம் காட்டி அழைத்தார். இளைத்திருந்தார். காயத்ரி மசக்கையில் எதையும் சாப்பிடவில்லை என்பதிலிருந்து ஆரம்பித்து மழை பெய்யாதது வரை பேசினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது அவர் பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சரசக்கா.

“நித்யாவா? குடு குடு. கண்ணு, அம்மணி, நல்லாருக்கியா? நடந்தது போகட்டும், உங்கம்மா புத்தி அப்படி. சோமனூர்ல ஒரு பையன் இருக்கான், தங்கம், மில்லு வெச்சிருக்காங்க. இந்தத் தடவ நானே நேர்ல பாத்துட்டேன். ரெண்டே கைதான்.”

பின்னால் காயத்ரி சிரிப்பது கேட்டது. கை சமாச்சாரம் வேடிக்கைப் பேச்சாகப் பக்கத்து வீடு வரை பரவியிருந்தது போல.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னார்: “அவளுக்குக் கல்யாணம் ஆயிப்போச்சுங்க்கா.”

“மறுபடியுமா?” என்றார் சரசக்கா.

“இதான் மொதல்.”

“போ சாந்தா. உன்ற பேச்ச இனி எவ நம்புவா?”

அம்மா என்னைப் பார்த்தார். போனைப் பார்ப்பதற்கும் போன் வழியாக என்னைப் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. “அந்தப் புள்ளையக் கூப்புடு,” என்றார்.

லேனா சமையலறையில் இருந்தாள். கூப்பிட்டேன். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொல்லிக்கொடுத்தபடி, “வணக்கமுங்க,” என்றாள்.

“அட, தமிழ் பேசுது. யாரு கண்ணு, கூட வேலை பாக்கற புள்ளையா?” என்று சரசக்கா சிரித்தார். பிறகு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, எங்கள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். “மாப்ளை எங்க? கூச்சமா?”

“பின்னால யாருமில்லீங்க்கா,” என்றார் அம்மா. “இதேதான்.”

“வெளையாடாத.”

“வெளையாடல.”

லேனாவுக்குப் பேச்சு புரியவில்லை, ஆனால் என் உடம்பு விறைத்துப்போனது புரிந்திருக்கவேண்டும். வழக்கம்போல என் தோளில் கையை வைத்தாள். சரசக்காவின் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் கண்கள் லேனாவின் முகத்தில் இல்லை, அவள் மணிக்கட்டில் இருந்தன.

“இந்த மீனு…” என்றார். இடுப்பில் செருகியிருந்த தன் போனை எடுத்தார். விரலால் தள்ளித் தள்ளித் தேடினார். இத்தனைக்குப் பிறகும் அவர் அந்தப் படத்தை அழிக்கவில்லை.

“ஆமாங்க்கா,” என்றார் அம்மா. அவர் குரல் மறுபடியும் சின்னதாக இருந்தது. “அதுல நான் வெட்டிப்போட்டது இந்தப் புள்ளையத்தான்.”

சரசக்கா போனை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஒரு விரலை நீட்டி, உதடு அசைய, அந்தப் படத்தில் இருந்த கைகளை எண்ணத் தொடங்கினார்.